வலப்பக்கத்துக் கதவு

தை மாசத்துல மழை பெய்யுமா? அன்னிக்குக் கடலூரில் பெய்தது...

"இதே மாதிரி ஒரு ரோலர் வேணும்ங்க."

நனைந்த சட்டையோடு வந்த கதிரவன், தேய்ந்துபோன வேன் கதவு ரோலரை மேஜைமேல் வைத்தான். பழைய ஸ்பேர் பார்ட்ஸ் கடை நடத்தும் மலர்க்கொடி நிமிர்ந்தாள். அம்மாடி... என்ன கண்ணுடா சாமி! சொல்ல வந்ததில் பாதி கதிரவனுக்கு மறந்தே போனது.

"தள்ளுற கதவுதானே? இருக்கு."

"எங்க வண்டி கொஞ்சம் வேற மாதிரிங்க... வெளிநாட்டு..."

"எல்லா வேனுக்கும் கதவு இடப்பக்கம்தான் சார். பத்து வருஷமா இதைத்தான் விக்கிறேன்!" அவன் கொண்டுவந்ததைச் சரியாகப் பார்க்காமலே, படபடவென்று பொட்டலம் கட்டிக் கையில் திணித்துவிட்டாள்.

மறுநாளே திரும்பி வந்தான்.

"மாட்டவே மாட்டேங்குதுங்க. இது இடப்பக்க ரோலராம். எங்க வண்டிக்குக் கதவு வலப்பக்கம்."

மலருக்குச் சுருக்கென்றது. தப்பு அவளுடையதுதான். ஆனா கடை நிறைய ஆளுங்க பாக்குறாங்களே... விரல் தானாக மேலே இருந்த பலகையைக் காட்டியது. 'விற்ற சாமான் வாபஸ் இல்லை.'

அவன் சண்டை போட்டிருந்தாலாவது நிம்மதியாக இருந்திருக்கும்!

"எங்கப்பா படுத்த படுக்கைங்க. நாளன்னிக்குத் தைப்பூசம், வடலூர் ஜோதியைப் பாக்கணும்னு ஒரே ஆசை. அந்த வண்டியிலதான் மெத்தை இருக்கு. கதவு தொறந்தாத்தான் அவரைத் தூக்கி ஏத்த முடியும்... பரவால்லீங்க, வேற எங்கனா பாக்குறேன்."

போய்விட்டான்.

'ஏண்டி, உனக்கு இவ்ளோ திமிரு ஆவாதுடி!' தன்னையே திட்டிக்கொண்டு ஷட்டரை இழுத்தாள். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஊரிலிருந்த அத்தனை காயலான் கடையையும் அலசினாள். சிப்காட் பக்கத்தில் ஒரு குவியலுக்கு அடியில், ஏதோ வெளிநாட்டு வேனின் துருப்பிடித்த வலப்பக்கக் கதவு ஒன்று கிடைத்தது. அதிலிருந்த ரோலரைக் கழற்றி எடுப்பதற்குள் கையெல்லாம் சிராய்ப்பு.

மறுநாள் காலை, பில்லில் எழுதியிருந்த விலாசத்தைத் தேடிச் சிதம்பரத்துக்கே வந்துவிட்டாள்.

"நீங்களா...?" கதிரவன் வாசலிலேயே திகைத்து நின்றான்.

"ஸ்பேனரைக் குடுங்க. அப்புறம் பேசலாம்."

அரை மணி நேரத்தில் கதவு சர்ரென்று ஓடித் திறந்தது. ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த அவன் அப்பா சிங்காரம் கட்டிலிலிருந்தே கைதட்டினார்.

"யாருப்பா இந்தப் பொண்ணு?"

"கடைக்காரங்கப்பா."

"கடைக்காரங்க இவ்ளோ தூரம் வருவாங்களா? நல்லா வந்தாங்க, போ!"

மலரின் முகம் சிவந்துபோனது. தரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"தப்பு என்னுதுங்க. எல்லார் முன்னாடியும் ஒத்துக்க வீம்பு... மன்னிச்சிடுங்க. உங்க முகம் வாடிப் போனதைப் பாத்ததுலேருந்து எனக்குச் சோறே எறங்கல."

"எம்மேலயும் தப்பு இருக்குங்க. வலப்பக்கம்னு சொல்லத்தான் வந்தேன்... உங்க கண்ணைப் பாத்ததும் எது வலம், எது இடம்னே தெரியல."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது.

அவன் அந்த இடப்பக்க ரோலரை நீட்டினான். "இதை என்ன பண்றது?"

"பலகையைப் படிக்கலையா? வாபஸ் கெடையாது."

"அப்போ... மனசைக் குடுத்திருந்தா?"

சட்டென்று நிமிர்ந்தாள். இந்தத் தடவை வீம்பு கிட்டேயே வரவில்லை.

"அதுக்கும் கெடையாதுங்க. நானும் குடுத்துட்டேன்... நாளைக்கு வடலூருக்கு என்னையும் கூட்டிக்கிட்டுப் போறீங்களா?"