மாடிப்படிக்குக் கீழே பூஜ்யம்

கைபேசியை மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறைக்குள் நீட்டியதும், திரையில் ஓடிக்கொண்டிருந்த எண் மளமளவென்று இறங்கிப் பூஜ்யத்தில் போய் நின்றது.

ஃபிட்டர் நம்பவில்லை. எதையும் முதல் தடவையிலேயே நம்பிவிடுகிற ஆள் இல்லை அவர். கையை வெளியே இழுத்தார், முப்பத்திரண்டு. உள்ளே நீட்டினார்; பூஜ்யம். காலையிலிருந்து இடம் இடமாகச் சத்தத்தை அளந்து, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டு வருகிறார். கூடம் முப்பத்தைந்து. சமையலறை நாற்பத்திரண்டு. மகளும் குழந்தையும் படுக்கும் அறை இருபத்தெட்டு. நாலு பேர் மூச்சு விடுகிற வீட்டில் பூஜ்யம் எங்கிருந்து வரும்?

ஆலையில் நாற்பது வருடம் இயந்திரங்களைப் பிரித்து மாட்டியவர் அவர். பள்ளிக்கூடத்தில் எட்டைத் தாண்டவில்லை. வீட்டிலும் வெளியிலும் எல்லோருக்கும் அவர் ஃபிட்டர்தான். மாப்பிள்ளை கப்பலில் வேலை பார்க்கிறார். பிறந்த குழந்தையை இன்னும் கையால் தொட்டதில்லை. வீடியோவில் பார்த்ததோடு சரி. அந்த வீடியோக்களை ஏதாவது கம்பெனியிடம் ஏற்றி வைக்கலாம் என்று மகள் சொன்னபோது அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“எவனோ ஒருத்தன் அலமாரியில என் பேத்தி படத்தைக் கொண்டுபோய் வைக்கணுமா? அவன் யாரு, மாமனா மச்சானா?”

“அப்பா, உலகமே அப்படித்தான் வெச்சிருக்கு.”

“உலகம் வெச்சிக்கட்டும். என் வீட்டு சமாச்சாரம் என் வீட்டுலயே இருக்கட்டும்.”

ஆகவே வீட்டிலேயே ஒரு சர்வர், வீடியோக்களைச் சேர்த்து வைத்து மாப்பிள்ளைக்குக் காட்டுகிற கணினி. கப்பல் எப்போது கரையைத் தொடும், மாப்பிள்ளைக்கு எப்போது இணைப்புக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. எனவே அது இரவு பகல் அணையாமல் ஓட வேண்டும். அதே சமயம் மூச்சுச் சத்தம்கூட வரக் கூடாது. முப்பது நாள் குழந்தை, ஊசி விழுந்தாலும் விழித்துக்கொள்ளும். விழித்தால் தெருவையே எழுப்பிவிடும். விசிறி இல்லாத மின்பெட்டி, பெரிய இறக்கை உள்ள ஒரே ஒரு விசிறி, டிஸ்க்குகளுக்கு அடியில் ரப்பர் வளையம் என்று தாள் தாளாகத் திட்டம் போட்டிருந்தார்.

மாடிப்படி அறை அத்தனை திட்டத்தையும் தேவையில்லாமல் செய்துவிட்டது.

குனிந்துதான் உள்ளே போக முடியும். பூசணம் பிடித்த துணியும் ஈர இரும்பும் கலந்த வாசனை. பின்சுவரில் ஒரு மின் இணைப்பு இருந்தது. பொருள் போட்டு வைக்கிற பொந்தில் எந்த மடையன் மின் இணைப்பு வைப்பான்? அதில் ஒரு பழைய ரேடியோ செருகியிருந்தது. இவர்கள் புதிதாகக் குடிவந்த வீடு அது; ரேடியோ முந்தி குடியிருந்தவர்கள் விட்டுப்போனது. சத்தத்தைக் கூட்டும் திருகை முழுக்கத் திருப்பி, அது திரும்பிவிடாதபடி கம்பியால் இறுகக் கட்டியிருந்தார்கள். தொட்டுப் பார்த்தார். வெதுவெதுவென்று இருந்தது. வாய் செத்துப்போய்ச் சூடு மட்டும் மிச்சம் என்று நினைத்து, செருகியைப் பிடுங்கி, வாசலில் பழைய இரும்புக்காரருக்குப் போட்டார்.

கணினிக் கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். “ஐயா, நேத்து வரைக்கும் சத்தமே கூடாதுன்னீங்க. இப்ப இந்தப் பழைய பெட்டியைக் கேக்குறீங்க. இது லாரி மாதிரி உறுமும்.”

“உறுமட்டும். வைக்கிற எடம் அப்படி.”

“எங்க வைக்கிறீங்க, கிணத்துலயா?”

கடையில் போட்டுக் காட்டியபோது பெட்டி நிஜமாகவே லாரிதான். நாலு டிஸ்க்கும் கடகடத்தன, விசிறி இரைந்தது. அன்று மதியமே அதை மாடிப்படி அறைக்குள் வைத்துச் செருகினார். விளக்கு எரிந்தது, விசிறி சுழன்றது. சத்தம் இல்லை. கதவைச் சாத்தக்கூடத் தேவைப்படவில்லை. மனைவி எட்டிப் பார்த்து, “பரவாயில்லையே, உங்களை விட அமைதியா இருக்கு,” என்றாள்.

அவர் சிரித்தார். ஆனாலும் ஓடுகிற இயந்திரத்தின் பக்கத்தில் நின்று அதைக் கேட்க முடியாமல் போவது அவருக்கு வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தால் அதிர்வு கைவழியாக முழங்கை வரை ஏறியது. காதில் மட்டும் ஒன்றுமில்லை. தொண்டையைச் செருமிப் பார்த்தார். தொண்டை அசைந்தது. அவ்வளவுதான்.

வேலை முடிந்ததே போதும் என்று வெளியே வந்துவிட்டார்.

பன்னிரண்டாம் நாள், மதியச் சாப்பாடு முடிந்து மனைவி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, மாப்பிள்ளை அழைத்தார். பின்னால் காற்று அடித்துக்கொண்டிருந்தது.

“மாமா, எல்லா வீடியோவும் நல்லா ஓடுது. ஆனா சத்தம் வரல.”

“உங்க போனைப் பாருங்க மாப்பிள்ளை.”

“பார்த்துட்டேன் மாமா. நீங்க ஏத்துனது எதுலயுமே சத்தம் இல்ல. பாப்பா வாயைத் திறக்குது, ஊமைப் படம் மாதிரி இருக்கு. முதல் நாள் அழுதது ஒண்ணு இருக்குமே, அதைக் கேக்கணும்னுதான் இத்தனை நாள் காத்துக்கிட்டு இருந்தேன்.”

அழைப்பு அறுந்தது. ஃபிட்டர் சர்வரில் இருந்த வீடியோக்களை ஒவ்வொன்றாகக் கூடத்துத் திரையில் ஓடவிட்டார். ஆஸ்பத்திரி, செவிலி, துணிக்குள் சிவந்த முகம். வாய் திறந்தது. ஒன்றுமில்லை. மகளின் கல்யாணம், மேளம் அடிப்பவரின் கை ஏறி இறங்கியது. ஒன்றுமில்லை. அவரே சிரித்துப் பேசுகிற ஒரு படம், உதடு மட்டும். படம் ஒரு புள்ளி கெடவில்லை. எலும்பை வைத்துவிட்டுச் சதையை மட்டும் யாரோ தின்ற மாதிரி, சத்தம் மட்டும் போயிருந்தது.

நீளமான ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டார். ஆலையில் சுழலும் பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று கேட்டறிய அதுதான் வழி. முனையை இயந்திரத்தில் ஊன்றி, பிடியைக் காதெலும்பில் அழுத்தினால் உள்ளே நடப்பது எல்லாம் தெரியும். மாடிப்படி அறைக்குள் மண்டியிட்டு முதலில் பெட்டியைக் கேட்டார். டிஸ்க்குகள் கடகடத்தன, விசிறி இரைந்தது, எல்லாம் ஒழுங்கு. அப்படியானால் காற்றில் கலக்கிற சத்தம் எங்கே போகிறது? முனையைப் பின்சுவரில் ஊன்றினார்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு, மெதுவாக, தண்ணீர் குடிக்கிறவன் தொண்டை ஏறி இறங்குமே, அது. ஒரு மடக்கு. இடைவெளி. இன்னொரு மடக்கு. அவசரமே இல்லாத, பசியாறிக்கொண்டிருக்கிற மடக்கு.

கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்த திருகு அவர் நினைவுக்கு வந்தது. முந்தி குடியிருந்தவர்கள் அந்த ரேடியோவை மறந்துபோய் விட்டுப்போகவில்லை.

யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. பயந்த கை, கெட்ட இயந்திரத்தைக் கண்டால் எப்போதும் செய்வதைத்தான் செய்தது. செருகியைப் பிடுங்கியது.

விசிறி நின்றது. சுவருக்குள் மடக்கும் நின்றது. ஸ்க்ரூ டிரைவரை அவர் இன்னும் காதிலிருந்து எடுக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ ஒன்று அதன் முனையை மெல்லச் சப்பியது.

பின்பக்கமாகவே ஊர்ந்து வெளியே வந்தார். எழுந்தபோது தோள் கதவில் மோதியது. மோதியது தெரிந்தது, கேட்கவில்லை. செருகியைத் திரும்பப் போட வேண்டும் என்று குனிந்தார். ஆனால் அதற்குள், சத்தத்தைத் தின்கிற அது அறையை விட்டு வெளியே போய்விட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எப்படி என்றால், நடையில் தொங்கிய கடிகாரத்தில் முள் நகர்ந்தது, டிக் இல்லை. அடுத்தது குளிர்சாதனப் பெட்டி. அதன் உறுமல் அடங்கவில்லை, நடுவில் கடித்து எடுத்தது போல அறுந்தது. சமையலறைக் குழாயிலிருந்து தண்ணீர் விழுவது இங்கிருந்தே தெரிந்தது. மனைவி முதுகைக் காட்டிக்கொண்டு தேய்த்துக்கொண்டிருந்தாள். தட்டு தட்டில் மோதியது. சத்தம் இல்லை.

மகள் பின்பக்கம் துணி உலர்த்தப் போயிருந்தாள்.

குழந்தை தனியாக இருந்தது.

ஓடினார். காலடி இல்லை. நடைக்கு எதிர்ப்பக்கம்தான் மகளின் அறை, ஆறு தப்படி தூரம். வெயில் ஜன்னல் வழியாகத் தரையில் விழுந்து கிடந்தது. தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே குழந்தை கையையும் காலையும் உதைத்து, முகம் கருஞ்சிவப்பாகி, ஈறு தெரிய வாயைப் பிளந்து அழுதுகொண்டிருந்தது.

ஒரு பொட்டுச் சத்தம் இல்லை.

தூக்கி மார்போடு அணைத்தார். அந்தச் சின்ன நெஞ்சு கேவிக் கேவி அதிர்வது அவர் நெஞ்சில் தெரிந்தது. “ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல” என்றார். உதடு சொன்னது. அவ்வளவுதான்.

அப்போதுதான் கேட்டது.

குழந்தை அழுகிற சத்தம். தெளிவாக. கணீரென்று. கையில் இருந்த குழந்தையிடமிருந்து அல்ல. நடையிலிருந்து. மாடிப்படிக்குக் கீழேயிருந்து.

பின்வாசல் வழியாக மகள் ஓடி வந்தாள். கை ஈரம். தோளில் ஒரு துணி. அவர் நின்ற வாசலை அவள் பார்க்கவில்லை. முகம் அழுகை வந்த பக்கம் இருந்தது. அவர் கத்தினார். தொண்டை கிழியக் கத்தினார். அவள் திரும்பவில்லை. குனிந்தாள். தலை உள்ளே போனது. தோள் போனது.

“வந்துட்டேன்டி கண்ணு, அம்மா வந்துட்டேன்.” அது உள்ளேயிருந்துதான் கேட்டது.

ஒரு கையில் குழந்தை. நடைக்கு ஓடி, இன்னொரு கையால் எட்டி அவள் கணுக்காலைப் பிடித்தார். ஈரம். வழுக்கியது. போய்விட்டது.

உள்ளே பார்த்தார். பெட்டி. கம்பி. சுவர்.

யாரும் இல்லை.

அழுகை நின்றது. கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. பிறகு அந்த வெறும் சுவரிலிருந்து மகளின் குரல், வேலை நடுவில் கூப்பிடுகிற சாதாரணக் குரல், வந்தது. “அம்மா, ஒரு கை புடியேன்.”

மனைவி கையைத் துடைத்துக்கொண்டே சமையலறையிலிருந்து வந்தாள். அவர் மாடிப்படி அறையின் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். தலையை ஆட்டினார். வேண்டாம், வேண்டாம், போ. அவள் நின்றாள். அவர் முகத்தைப் பார்த்தாள். என்ன ஆச்சு என்று அவள் உதடு கேட்டது.

அவர் வாயைத் திறந்தார்.

அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து, அவருடைய குரலிலேயே, தினமும் அவளிடம் பேசுகிற அதே சலிப்போடு, பதில் வந்தது.

“ஒண்ணுமில்ல. குழந்தையை வாங்கிக்கிட்டு நீயும் உள்ள வா.”