இன்னும் ஏற்றாத மருந்து

மருந்து ஏறும்போது தொண்டையிலிருந்து அடிவயிறு வரை ஒரு சூடு ஓடும், பயப்பட வேண்டாம் என்று ஸ்கேன் எடுக்கும் விதுர்ஷா முன்பே சொல்லியிருந்தாள். நிஸ்மியாவுக்குச் சூடு வந்த இடம் வேறு. இடது காதுக்குப் பின்னால், எலும்புக்கும் உள்ளே, யாரோ தேநீர் ஊற்றுவதுபோல் மெல்ல நிறைந்தது.

"தங்கச்சி, மருந்து ஏறுது போல."

"இல்லக்கா, மருந்து ஏத்துற பம்ப இன்னும் போடல்ல. தலைய அசைக்காதீங்க," என்றது கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஒலிபெருக்கி.

நிஸ்மியா அசையவில்லை. அவளுடைய பிடிவாதம் ஏறாவூரில் தறி நெய்கிற பெண்கள் எல்லாருக்கும் தெரிந்தது. தலைக்குள், இடது காதுக்குப் பின்னால் கட்டி என்று தெரிந்த அன்று கணவன் மஜீட்தான் அழுதான். இவள் டொக்டரைப் பார்த்து, "கேக்காம வந்து குந்தினது. வெட்டி எறியுங்க," என்றாள். கட்டி எவ்வளவு இரத்தம் குடிக்கிறது என்று முதலில் பார்ப்போம் என்றார் அவர். கொஞ்சமென்றால் கத்தி வைக்கலாம். அதிகமென்றால் கைவைக்கவே மாட்டாராம்.

அதற்குத்தான் வாவிக்கரையோரத்து இந்த அறை. நெற்றியை இறுக்கிய பட்டை, தலையைச் சுற்றி உறுமிச் சுழலும் வளையம், ஏசிக் குளிரையும் ஸ்பிரிட்டு வாசத்தையும் மீறிக் கசிந்து வரும் சேற்று மணம், நாக்கடியில் ஊறும் செம்பின் ருசி. ஒரே இடத்தை நாற்பத்தைந்து செக்கன் திரும்பத் திரும்பப் படம் எடுப்பார்களாம். மருந்து போய்ச் சேரும் இடம் படத்தில் வெள்ளையாகத் தெரியும்; மருந்து ஏறுமுன் எடுக்கும் முதல் படங்களில் ஒன்றும் தெரியக்கூடாது.

"இதென்ன..." ஒலிபெருக்கியை மூட மறந்திருந்தாள் விதுர்ஷா. "சிறிஞ் நிறைஞ்சபடி இரிக்கி. பிறகெப்படி இது வெள்ளையாகுது?"

பக்கத்தில் ஏதோ கிரீச்சிட்டது. நிஸ்மியா கண்ணை மட்டும் கீழே உருட்டினாள். தாங்கியில் மாட்டியிருந்த சிறிஞ்சின் தண்டு தானாக நகர்ந்துகொண்டிருந்தது. அதிலிருந்து அவளுடைய வலது கைக்கு வரும் குழாய் விறைத்துத் துடித்தது.

"நான் பம்பப் போடல்லக்கா! அது இழுக்குது!"

காதுக்குப் பின்னால் கொதித்தது. பாதம் குளிர்ந்தது. பிறகு முழங்கால். பிறகு விரல்கள், ஒவ்வொன்றாக.

நிஸ்மியாவுக்குப் பயம் வந்தது. அதைவிடப் பெரிதாக வந்தது கோபம்.

"குடிக்கிறியா?" என்றாள் கட்டியிடம், பல்லைக் கடித்துக்கொண்டு. "அது என்ட ரெத்தம்."

இடது கையால் ஊசியைப் பிடுங்கி எறிந்தாள்.

இரத்தம் பீறிட வேண்டும். ஒரு சொட்டும் வரவில்லை. ஊசி இருந்த இடத்தில் தோல் உள்ளே குழிந்தது. ஒரு சத்தம். இளநீர் முடிந்த பிறகும் குழாயை உறிஞ்சும் சத்தம். இப்போது உள்ளே காற்று போகிறது.

இடது பெருவிரலால் துளையை அழுத்தினாள். சத்தம் நின்றது.

வளையமும் நின்றது. கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்த விதுர்ஷா, பாதி வழியில் நின்றுவிட்டாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது நிஸ்மியாவின் வலது கையை. தோள்வரை அது சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"டொக்டர்ட்ட சொல்லுங்க தங்கச்சி," என்றாள் நிஸ்மியா. "அவர் வெட்டாட்டி நான் வெட்டுவன்."

விதுர்ஷாவின் பார்வை நிஸ்மியாவின் பெருவிரலுக்கு இறங்கியது.

நிஸ்மியாவும் கண்ணைக் கீழே உருட்டிப் பார்த்தாள். பெருவிரலின் நகம் வெளுத்திருந்தது. அதைச் சுற்றிய சதை மடிந்து, சுருங்கி, அந்தச் சின்னத் துளைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது.

அவள் விரலை எடுக்கவில்லை. இன்னும் பலமாக அழுத்தினாள்.