எட்டுத் துளைகள்

துளி மேலே நின்றது.

காரின் பின்கதவு உட்பக்கத்தில் அவள் முந்தின நாள் தூவிவைத்த பவுடரில் தண்ணீர் ஒரு கோடு கிழித்திருந்தது. ஏழு வருடமாக வீட்டையொட்டிய ஷெட்டில் கார் சீட் தைக்கிறாள். மழைக்காலத்தில் ஒழுகல் தேடிக் கொடுப்பதும் உண்டு. தண்ணீர்க் கோட்டைப் படிக்கத் தெரியும். முடிகிற இடத்தில் பவுடரைச் சுமந்தபடி ஒரு துளி தொங்கும். அங்கிருந்து கோட்டைப் பிடித்துப் பின்னால் போனால் ஓட்டை. இங்கே துளி கைப்பிடியருகே இருந்தது. கோடு அதற்குக் கீழே, தரைவரை போயிற்று.

நான்கு நாள் கதவுகளைத் திறந்துபோட்டு வெயில் காட்டியும் வாடை போகவில்லை. பூஞ்சை வாடை அல்ல, ஈரத்துணி வாடையும் அல்ல. இப்போதுதான் பெய்து ஓய்ந்த மழையின் வாடை.

அண்ணன் பழைய வண்டியாக வாங்கியது. அண்ணி ஆஸ்பத்திரியில் இருந்தாள். நாளைக் காலை குழந்தையோடு வீட்டுக்கு வருகிறாள். எடை குறைந்து பிறந்த குழந்தை, நெஞ்சில் சளி, ஈரம் ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அவள் உள்ளே உட்கார்ந்து கதவுகளை மூடிக்கொண்டாள். அண்ணன் வெளியே தண்ணீர்க் குழாயோடு நின்றான்.

“எலி, நான் ரெடி.” சீட்டுக்கடியில் புகுந்து வேலை செய்கிறவள் என்பதால் அந்தப் பெயர்.

“ஒரு தட்டு தட்டினா நகர்த்து. ரெண்டு தட்டினா நிறுத்து. மறந்துடாத.”

“ஒரு புள்ளைக்கு அப்பன். ரெண்டு வரைக்கும் எண்ணத் தெரியாதா?”

“உனக்கா? சந்தேகம்தான்.”

கதவு, கண்ணாடி ஓரம், கூரை என்று தண்ணீர் மெல்ல ஏறியது. அவள் டார்ச்சை ரப்பர் விளிம்புகளில் ஓட்டினாள். எங்கும் ஈரமில்லை. கண்ணாடியில் இரண்டு முறை தட்டினாள்.

சத்தம் நிற்கவில்லை.

குழாய்த் தண்ணீரின் சத்தம் ஒரே கயிறாக நகரும். இது கூரை முழுக்க விழுந்தது, ஆயிரம் துளிகளாக, காற்றுக்குச் சாய்ந்தும் நிமிர்ந்தும். கண்ணாடிக்கு வெளியே அண்ணன் குழாயை முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்தான். பானெட்டில் வெயில் அடித்தது. அவள் பாதத்துக்குக் கீழே கார்ப்பெட் சில்லிட்டது.

கதவைத் தள்ளினாள். வெளியே அந்தச் சத்தம் இல்லை.

“என்ன, பேயறஞ்ச மாதிரி நிக்கிற?”

“நீ குழாய மூடின பிறகும் கேட்டுச்சு.”

“காதுல தண்ணி போயிருக்கும். ஓட்டை எங்க, அதச் சொல்லு.”

“கீழ.”

கார்ப்பெட்டை உரித்தாள். தரைத் தகட்டில் எட்டுத் துளைகள். கம்பெனி வைக்கும் துளைகளுக்கு ரப்பர் மூடி இருக்கும். இவை யாரோ ட்ரில் போட்டவை. கட்டைவிரல் நுழையும்.

“யாரு இந்த அறிவாளி?” என்றான் அண்ணன்.

அவளுக்கு நெஞ்சு லேசானது. முந்தின ராத்திரி அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தபோது ரோட்டுத் தண்ணீர் சக்கரத்தில் பட்டுத் துளை வழியாக மேலே அடித்திருக்கிறது. கோடு கீழிருந்து மேலே போனதற்கும் அதுதான் காரணம். சத்தத்தைப் பற்றி அவள் யோசிக்கவில்லை.

வண்டிக்கடியில் படுத்து விளிம்புகளைத் தடவினாள். விரல் கிழிந்தது. பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். எட்டுக்கும் தகடு வெட்டி வைத்து, சீலன்ட் பிசின் பூசி, ஈர விரலால் இழுத்து நிரவினாள். ரப்பர் மூடிகளின் மேலும், கதவுகளின் அடியிலிருந்த சின்ன வடிகால்களின் மேலும், இருக்கட்டும் என்று ஒரு பூச்சு. சாயங்காலம் பிசின் இறுகியதும் உள்ளே இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டுக் கீழே காகிதம் விரித்தாள். ஒரு மணி நேரம் கழித்தும் காகிதம் காய்ந்தே கிடந்தது. தண்ணீரை மொண்டு, துடைத்து, ஃபேன் வைத்தாள்.

“கைராசிக்காரி,” என்றான் அண்ணன். “உங்க அண்ணிகிட்ட உன்னப் பத்திப் பெருமையாச் சொல்றேன். அவ நம்பமாட்டா.”

காலையில் அவன் காரை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு ஷெட்டைக் கூட்டினாள். விரல் விண்ணென்றது. பிளாஸ்திரியைப் பிரித்துக் காயத்தைப் பார்த்தாள்.

தகட்டுப் பிசிறு கிழித்த காயம். துளையின் பிசிறு கீழ்ப்பக்கம் இருந்தது.

மேலிருந்து துளைத்தால்தான் பிசிறு கீழே நிற்கும். காருக்குள் இருந்துகொண்டு யாரோ போட்டிருக்கிறார்கள். சீராகப் போடவில்லை. ஒன்றோடொன்று மோதி, கோணலாக, கால் வைக்கும் இடத்திலேயே. அவசரக் கை.

தண்ணீர் உள்ளே வருவதற்கு யாரும் துளை போடுவதில்லை. வெளியே போகத்தான்.

துடைப்பம் விழுந்தது. போனை எடுத்தாள்.

“எலி, கிளம்பிட்டோம். பக்கத்துல வந்துட்டோம்.”

“வண்டிய நிறுத்து. எல்லாரும் இறங்குங்க.”

“இந்த மழையிலயா? புள்ளைய வெச்சுக்கிட்டு?”

வானத்தைப் பார்த்தாள். ஒரு மேகம் இல்லை. கொடியில் துணி காய்ந்து விறைத்திருந்தது. போனுக்குள் ஆயிரம் துளிகள்.

“அண்ணா, மழையே இல்ல.”

“ரோடே தெரியலடி. இவ வேற கால் நனையுதுங்கறா. நீ அடைச்சது விட்டுருச்சு போல.”

“கதவத் திற.”

“இரு, நம்ம தெருதான்...”

“அண்ணா. இப்பவே திற.”

“திறக்க மாட்டேங்குது.” அவன் குரல் விலகியது. அவளிடம் பேசவில்லை. “தூக்கு. மேல தூக்கு. இன்னும் மேல.”

பிறகு மழைச் சத்தமும் நின்றது.

சுத்தியலை எடுத்துக்கொண்டு ஓடினாள். தெரு வெயிலில் கிடந்தது. புழுதி. ஒரு நாய் நிழலில் படுத்திருந்தது.

முனையில் கார் திரும்பியது. மெதுவாக வந்தது. இண்டிகேட்டர் போட்டது. கேட்டுக்கு முன்னால், எப்போதும் நிறுத்தும் இடத்தில், நின்றது.

வைப்பர்கள் காய்ந்த கண்ணாடியைத் தேய்த்தன.

கதவிடுக்கில் ஒரு சொட்டு இல்லை. தரையில் ஒரு சொட்டு இல்லை.

கண்ணாடிக்குப் பின்னால், கூரைவரை, பச்சையாகத் தண்ணீர். ஸ்டியரிங்கில் இரண்டு கைகள். பின்சீட்டில் விரிந்து மிதக்கும் கூந்தல். அதற்கு மேலே இன்னும் இரண்டு கைகள், நீட்டி, ஒரு வெள்ளைத் துண்டுப் பொதியைக் கூரையோடு அழுத்திப் பிடித்திருந்தன.