நான்கரை விரல்

வோல்மர் எழுந்திருக்கவே கூடாது. எழுந்தாலும் அவன் நாக்கு எழுந்திருக்கக் கூடாது.

இப்படி நினைப்பதே பாவம் என்று இம்மாவுக்குத் தெரியும். ஒருவன் உயிரோடு திரும்பியதற்கு வருந்துகிறோமே என்று தன்னையே வெறுத்தபடி, கருப்பு ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு பனியில் அவன் வீட்டுக்கு நடந்தாள்.

ஐந்து நாள் செத்துக் கிடந்தவன் அவன். சவத்துணியைத் தைத்துக்கொண்டிருந்தபோது கண் விழித்தான். நரகத்தைப் பார்த்துவிட்டு வந்தேன் என்றான். அன்றிலிருந்து எல்பே ஆற்றங்கரை ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு இறந்தவர்களை விசாரிக்க அவன் வாசலில் நிற்கிறார்கள். இம்மாவை மட்டும் அவனே ஆள் அனுப்பி அழைத்திருந்தான்.

உள்ளே பகலிலும் இருட்டு. புகை, ஆட்டுக்கொழுப்பு, அவற்றுக்கு அடியில் கருகிய தோலின் வாடை. வோல்மரின் பாதங்கள் வெந்து பொத்துப்போயிருந்தன. பக்கத்தில் எக்பர்ட் சாமியார் அவன் சொல்வதை எழுதிக்கொண்டிருந்தார்.

பீர் காய்ச்சும் டிட்டா முன்னால் நின்றாள். “எங்க வீட்டுக்காரரு அங்க இருக்காரா?”

“இருக்காரு. உருக்கின ஈயத்தைக் குடிச்சுக்கிட்டு.”

“இங்கயும் குடிச்சுக்கிட்டேதான் இருந்தாரு.”

யாரோ சிரித்தார்கள். டிட்டா சிரிக்கவில்லை. முக்காட்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு வெளியேறினாள்.

வோல்மரின் கண்கள் இம்மாவின் மேல் நின்றன.

“மெட்டாவைப் பாத்தேன்.”

மெட்டா ஊரின் மருத்துவச்சி. இம்மாவின் சிறுவயதுத் தோழி. இலையுதிர்காலத்தில் காய்ச்சலில் போனாள். அதற்கு முந்தைய வசந்தத்தில்தான் இம்மாவுக்குக் குழந்தை பிறந்தது. அது சத்தமே போடவில்லை. அசையவும் இல்லை. மெட்டா அதன் நெற்றியில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நான வார்த்தைகளைச் சொன்னாள். பிறகு வெளியே போய்ச் சாமியாரிடம், “அழுதுச்சு சாமி, அப்புறம்தான் போச்சு” என்றாள்.

உயிரில்லாத பிள்ளைக்கு ஞானஸ்நானம் செல்லாது. ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. மதிலுக்கு வெளியே, நரிகள் தோண்டும் சேற்று நிலம்தான். அந்த ஒரு பொய்யால் பிள்ளைக்கு ஒரு சிலுவையும் கொஞ்சம் மந்திரித்த மண்ணும் கிடைத்தன. பொய்யைச் சாமியாரிடம் ஒப்புக்கொண்டு பாவசங்கீர்த்தனம் செய்யாமலே மெட்டா செத்தாள்.

“நரகத்து வாசல்ல நிக்கிறா,” என்றான் வோல்மர். “இடுப்பு வரைக்கும் பனிக்கட்டி. கையில குழந்தை மாதிரி ஒரு பனிக்கட்டி. அது மேல தண்ணி ஊத்துறா. விழறதுக்குள்ள உறைஞ்சிடுது. மறுபடி ஊத்துறா.”

“என்ன சொன்னா?”

“‘இம்மா, இம்மா’ன்னா. அப்புறம் என் கையைப் புடிச்சா.”

மணிக்கட்டை நீட்டினான். நீலம் பாரித்த தடம். நான்கு முழு விரல். ஒன்று பாதி.

பத்து வயதில் மெட்டாவின் விரலை அரிவாள் வெட்டியபோது துணி சுற்றியவள் இம்மாதான்.

இம்மாவின் முதுகுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டியது.

திரும்பினாள். யாரும் இல்லை. தரை மட்டும் நனைந்திருந்தது.

மெட்டாவின் பொய் எதுவென்று புரிந்துகொண்ட சாமியார் அவளைக் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். குழிவெட்டி மண்வெட்டியோடு காத்திருந்தான்.

“ஒரு வார்த்தை போதும்மா,” சாமியாரின் குரலில் கடுமை இல்லை. “புள்ளை செத்தே பொறந்துச்சுன்னு சொல்லிடு. அவளுக்குப் பூசை வைக்கலாம். அவ இன்னும் வாசல்லதான இருக்கா, கரையேறிடுவா. புள்ளைக்கு வலியா தெரியப்போகுது? இடம்தான் மாறும்.”

இடம்தான் மாறும். அந்த இடத்துக்காகத்தானே மெட்டா பொய் சொன்னாள்.

பிள்ளையின் சின்ன மண்மேட்டை மூடிக் கிடந்தது பனி. ஒரு பறவையின் கால்தடம்கூட இல்லை.

இம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே பனி அமுங்கியது.

ஐந்து குழிகள். ஒன்று குட்டை.

பக்கத்தில் மறுபடி அமுங்கியது. மெல்ல. தூங்க மறுக்கும் பிள்ளையைத் தட்டிக்கொடுப்பதுபோல.

குழிவெட்டி மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டான்.

“பாத்தியா? கேக்க வந்திருக்கா,” சாமியார் கிசுகிசுத்தார். “சொல்லிடும்மா.”

கேட்க வந்தாளா, காவலுக்கு வந்தாளா? இம்மாவுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளாமலே வாழ வேண்டியிருக்கும் என்பது மட்டும் தெரிந்தது. மண்டியிட்டு, தன் உள்ளங்கையை அந்தத் தடத்தின் மேல் வைத்தாள்.

“புள்ளை அழுதுச்சு சாமி.”

“பொய் சொன்னா நீயும் அங்கதான் போவே, இம்மா.”

“தெரியும் சாமி. அவ அங்க தனியா இருக்கா.”

பனிக்கு அடியிலிருந்து விரல்கள் எழுந்து அவள் விரல்களோடு கோத்துக்கொண்டன. நான்கு முழுசு. ஒன்று பாதி.

இம்மா கையை எடுக்கவில்லை.

“அழுதுச்சு,” என்றாள் மறுபடி, பிள்ளை விழித்துவிடாத குரலில்.