அக்கா, ஒரு கொலைக்கதை சொல்லுங்கோ!

போன் அலறியது.

திரையில் மேர்வின் பெயர். எடுத்துக் காதில் வைத்தால்... அவன் மனைவி அஞ்சலீனாவின் குரல்!

"கிளறிற்றா அக்கா! ஓடி வாங்கோ... இவர் குசினிக்குள்ள விழுந்து கிடக்கிறார்! வாயால நுரை வருது!"

கிளறிற்றாவின் கையிலிருந்த கரண்டி நழுவியது.

"ஆம்புலன்சுக்கு அடிச்சனியோ? என்னத்தைச் சாப்பிட்டவர்?"

"அடிச்சிட்டன். ஒண்டும் சாப்பிடேல்லை அக்கா. தேத்தண்ணி மட்டும்தான்!"

தேத்தண்ணி!

கிளறிற்றாவுக்குக் குப்பென்று வியர்த்தது.

மோர்டன் தேவாலயப் பங்கில் யாருக்கு மர்மக்கதை வேண்டுமென்றாலும் அவளிடம்தான் வருவார்கள். பூசைக்குப் போகும் பையில் செபப் புத்தகத்துக்கு அடியில் எப்போதும் இரண்டு கொலைகளாவது கிடக்கும்!

இந்த வாரம் திங்கட்கிழமை, அஞ்சலீனாவின் நம்பரிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்திருந்தது.

'அக்கா, ஒருத்தருக்கும் சந்தேகம் வராமல் வீட்டுக்குள்ளயே ஆளை முடிக்கிற கதை ஏதும் இருக்கோ?'

கிளறிற்றா உற்சாகமாகக் குரல் பதிவு அனுப்பியிருந்தாள்.

"இருக்கடி! தேத்தண்ணிக்குள்ள மாத்திரையைக் கரைச்சுக் குடுக்கிற கதை. மாரடைப்பு எண்டு பொலிஸ் பைலை மூடிடும்! ட்ராமுக்குள்ள பிணம் வாற கதையும் ஒண்டிருக்கு, ஆனா அது சுமார். நீ தேத்தண்ணியையே வாசி. நித்திரை வராது!"

நித்திரை இனி கிளறிற்றாவுக்குத்தான் வராது!

செருப்பைக்கூட மாற்றாமல் அடுத்த தெருவுக்கு ஓடினாள். 'மாதாவே... நான் கதைதானே சொன்னனான்!'

வாசலில் ஆம்புலன்ஸ். சமையலறைத் தரையில் மேர்வின். முகம் நீலம் பாரித்திருந்தது. இரண்டு பேர் குனிந்து அவன் நெஞ்சில் வயர்களை ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

கிளறிற்றா, அஞ்சலீனாவைக் கதவோரம் இழுத்தாள்.

"உண்மையைச் சொல்லு. அந்தக் கதையை வாசிச்சுப்போட்டுத்தானே செய்தனீ?"

"எந்தக் கதை?"

"நடியாதை! திங்கட்கிழமை நீ கேட்டு நான் அனுப்பினது!"

"நானோ? என்ர போன்ர கண்ணாடி போன கிழமையே உடைஞ்சு போச்சக்கா. திருத்தித் தாறன் எண்டு இவர்தான் வாங்கி வைச்சிருக்கிறார். இப்பவும் இவற்ர போனிலதானே உங்களுக்கு அடிச்சனான்!"



அப்படியென்றால்... கேட்டது மேர்வின்!

"அடி பாவி! அப்ப நீயல்லோ செத்திருக்க வேணும்!"

"அக்கா!!"

தரையில் ஒரு முனகல். மேர்வின் கண்ணைத் திறந்தான்.

"அஞ்சலி... எந்த... எந்தத் தேத்தண்ணி தந்தனீ?"

"காலமை நீங்கள் எனக்குப் போட்டு வைச்சிட்டுக் கடைக்குப் போன அதே தேத்தண்ணிதான்!"

அவன் விழிகள் பிதுங்கின.

"நீ... குடிக்கேல்லையோ? கோப்பை கழுவி இருந்துதே!"

"தவக்காலத்துக்கு நான் தேத்தண்ணியை விட்டிட்டனல்லோ. கோயில் பக்கமே வராத உங்களுக்கு எங்க தெரியும்? போன மாசம் பிரிஞ்சு போவம் எண்டு நீங்கள் கேட்டு, நான் மாட்டன் எண்டாப் பிறகு, முதல்முதலா ஆசையாப் போட்டுத் தந்தனீங்கள். கீழே ஊத்த மனம் வரேல்லை. பிளாஸ்க்கில விட்டு வைச்சன். கடையால வந்து 'ருசியோ?' எண்டு கேட்டனீங்கள். மனம் நோகக் கூடாதெண்டு ஓம் எண்டன். பிறகு தேத்தண்ணி கேட்டனீங்கள்... அதையே தந்தன்!"

மேர்வின் ஆம்புலன்ஸ்காரரின் சட்டையைப் பிடித்தான். உயிர்ப்பயத்தில் உண்மை இங்கிலீஷில் கொட்டியது!

மாத்திரை... அவளின் தேத்தண்ணிக்குள் நான் போட்ட மாத்திரை... பெட்டி என் ஜாக்கெட்டில் இருக்கிறது... மருந்தின் பெயரைப் பாருங்கள், காப்பாற்றுங்கள்!

பெட்டியை எடுத்தவர் மருந்தின் பெயரை வாசித்தார். அதன்மேல் ஒட்டியிருந்த மருந்துக்கடை லேபிளையும் வாசித்தார்; வாங்கியவர் மேர்வின் என்றிருந்தது. பிறகு நிமிர்ந்து அஞ்சலீனாவைப் பார்த்தார். வயர்லெஸ்ஸில் பொலிசைக் கூப்பிட்டார்.

மேர்வின் பிழைத்துக்கொள்வான் என்றார்கள். ஆம்புலன்ஸில் அவனோடு ஒரு பொலிஸ்காரரும் ஏறினார்.

அஞ்சலீனா படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கிளறிற்றா அவளை அணைத்துக்கொண்டு அழுதாள்.

"என்ர வாய்தானடி உன்னைக் கொல்லப் பாத்தது! இனி ஒருத்தருக்கும் கொலைக்கதை சொல்லமாட்டன். காதல் கதை மட்டும்தான்!"

அஞ்சலீனா திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"ஐயோ, அது மட்டும் வேண்டாமக்கா! அதுகளை வாசிச்சுப்போட்டுத்தானே நான் இந்த மனுசனைக் கட்டினனான்!"