மலை பார்த்த வீடு

மலைச் சரிவில் ஒரு காரைப் புதர், அதன் அடியில் ஒரு வெள்ளைக் கல். அதை ஒட்டி அதே புதர், அதே கல் இன்னொரு முறை இருந்தன. இடப்பக்கம் முறிந்து தொங்கிய கிளைகூட இரண்டிலும் ஒரே மாதிரி தொங்கியது. கிருபாவதி ஸ்கூட்டரை ஓரங்கட்டினாள். கம்பத்துக்குள் போகும் ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்ததால்தான் திராட்சைத் தோட்டங்களைச் சுற்றி இப்படி வந்தாள். இல்லையென்றால் இந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்திருக்க மாட்டாள்.

மேலே முகட்டில் கண்ணாடி ஓட்டல் ஒன்று வரப்போகிறது. அது வந்தபின் பார்க்கிறவர்கள் கண்ணுக்கு மலை எப்படித் தெரியும் என்று படத்தோடு அறிக்கை தருவது தேனியில் அவள் அலுவலகத்தின் வேலை. சுற்றிலும் ஆளில்லாத காடு என்றால் அனுமதி சுலபம். தினமும் அந்த மலையைப் பார்த்து வாழும் வீடு ஒன்று இருந்துவிட்டால் இழுபறிதான். இருந்தது. ஆடு மேய்க்கும் மூக்கம்மாளின் ஓட்டு வீடு.

“ஒத்த வீடுதான மேடம், மறைச்சு விட்ருங்க. யாரு மலையேறி வந்து பாக்கப் போறாக?” என்றார் ஓட்டல் தரப்பு மேலாளர் தங்கபாண்டி.

மறைத்தாள். பக்கத்திலிருந்த புல்லையும் புதரையும் கல்லையும் கம்ப்யூட்டரில் நகலெடுத்து வீட்டின் மேல் ஒட்டினாள். ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்த வேலை. படமெடுக்கப் போன அன்று அந்த வீட்டில் கடுங்காப்பி வாங்கிக் குடித்தவள்தான் அவள். கீழே ஊரைக் காட்டி, “அந்தா மாடியில நீலத் தொட்டி தெரியுதுல்லக்கா, அதுதான் எங்க வீடு” என்று பெருமையாகச் சொன்னாள்.

“நான் கதவத் தெறந்தா மலை மொகத்துலதான் முழிப்பேன் தாயி. நம்ம வீட்டையும் படத்துல போட்ருவியா?” என்று மூக்கம்மாள் கேட்டாள்.

“போடாம இருப்பேனாக்கா?”

அதை நினைத்தால் அவளுக்கு இப்போதும் சோறு இறங்குவதில்லை. அதற்காகப் படத்தைத் திருத்திக் கொடுத்தாளா என்றால் அதுவும் இல்லை.

அந்த இரண்டாவது புதர் நின்றது வீடு இருந்த இடத்தில். வீட்டை இடித்திருப்பார்கள் என்று தனக்குள் சொல்லிக்கொண்டே சரிவில் ஏறினாள். இடித்திருந்தால் உடைந்த ஓடாவது கிடக்க வேண்டுமே. வெயில் மலைக்குப் பின்னால் இறங்க, நிழல் அவள் காலடியைத் தாண்டித் தோட்டங்களின் மேல் மெல்லப் படர்ந்தது. ஆட்டுப் புழுக்கை நாற்றத்தோடு விறகுப் புகையும் கொதிக்கும் குழம்பின் வாசனையும் மூக்கில் ஏறின. எங்கோ ஒரு ஆட்டுமணி ஆடி நின்றது. எதிரே புல்தான்.

“யாரு அங்கன?”

நின்றுவிட்டாள்.

குரல் தள்ளியிருந்து வரவில்லை. கைக்கெட்டும் தூரம். வெறும் புல்.

“படமெடுத்த தாயியா? கதவத் தெறந்தா புல்லாவே நிக்குது. மலையக் காணோம். வெளிய வர வழி தெரியல தாயி.”

நான்தான்க்கா என்று சொல்லியிருக்கலாம். பயத்தைவிட வெட்கம் பெரிதாக இருந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள். சத்தமில்லாமல் ஒரு அடி பின்னால். இன்னொரு அடி.

“தாயி?”

ஊரைப் பார்த்துத் திரும்பினாள்.

கீழே கம்பம் ஊரில் விளக்குகள் வந்திருந்தன. கோயில் தெரிந்தது. பஸ் ஸ்டாண்ட் தெரிந்தது. அவள் தெரு தெரிந்தது. நீலத் தொட்டியைத் தேடினாள்.

தெருவிளக்குகளுக்கு நடுவே ஒரு துண்டு புல். ஒரு காரைப் புதர். வெள்ளைக் கல். அத்தனை தூரத்திலும், இடப்பக்கம் முறிந்து தொங்கிய கிளை.

கைப்பையில் போன் அடித்தது. டியூஷன் முடிந்து வீட்டில் தனியாக இருக்கும் மகள் ஓவியா.

“எங்கம்மா இருக்க? கதவத் தெறந்தா தெருவக் காணோம்மா. புல்லா நிக்குது.”