ஸ்கேன் கவரைத் திறந்தவன்

"என் தம்பி லாக்கப்பில இருக்கான் சார். கோவளத்துல ஒருத்தரை ஜீப்பால இடிச்சான்னு கேஸ். சத்தியமா அவன் யாரையும் இடிக்கலை."

செங்கல்பட்டு மாடி அறையில் துப்பறிவாளர் நரசிம்மன் மின்விசிறியைக் குறைத்தார். எதிரே இருந்த ஸ்வாதி மருத்துவக் கல்லூரியில் மேல்படிப்பு மாணவி. தலையில் அடிபட்டவர்களின் மூளை ஸ்கேன்தான் அவள் ஆராய்ச்சி. விதியைப் பாருங்கள், அடிபட்ட மீனவர் தாண்டவராயனே அவள் ஆராய்ச்சி நோயாளிகளில் ஒருவராக வந்து சேர்ந்திருந்தார்.

"அடி எங்கே?"

"இடப்பக்கம். மண்டை ஓடு உடைஞ்சிருக்கு. தலை முழுக்கக் கட்டு. நினைவே இல்லாம இருந்தவர், இன்னைக்குத்தான் கண்ணைத் திறந்தார்."

"அவர் கண்ணைத் திறந்தது யாருக்குத் தெரியும்?"

"கூடவே இருக்கிற அவர் மச்சான் தேசிங்குக்கு. கட்டிலை விட்டு நகர மாட்டேங்கிறார், பாவம்."

"பாவந்தான்." நரசிம்மன் நாற்காலியை முன்னே இழுத்தார். "கண் திறந்தா மறுபடி ஸ்கேன் எடுப்பீங்களா?"

"எடுக்கணும்."

"போன் பண்ணி இப்பவே எடுக்கச் சொல்லுங்க. அந்த அறைக்குள்ளே உறவுக்காரங்க யாரும் போகக்கூடாது."

அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஸ்கேன் அறைக் கதவு சாத்தியிருந்தது. வெளியே பெஞ்சில் தேசிங்கு, மடியில் பழைய ஸ்கேன் கவருடன். நோயாளியின் ஸ்கேனைச் சுமப்பது எப்போதும் கூட இருப்பவர்தான். அருகில் விபத்தைப் பார்த்த ஒரே சாட்சியான ஏழுமலை. நரசிம்மன் சொல்லி வந்த இன்ஸ்பெக்டரும் தூண் ஓரமாக நின்றார்.

"எப்படிங்க நடந்தது?" என்று ஏழுமலையைக் கேட்டான் நரசிம்மனின் உதவியாளன் ஹேமந்த்.

"எத்தினி தபா சொல்றது? ஜீப்பு இட்ச்சிது. தலயோட வலது பக்கம் மைல்கல்லுல மோதி மண்ட ஒடைஞ்சிது. என் கண்ணால பாத்தேன்."

ஹேமந்த் குனிந்து கிசுகிசுத்தான். "பதற்றத்துல பக்கம் மாறிடுச்சு போல, சார்."

"பதறினவர் தடுமாறுவார். இவர் பாடம் ஒப்பிக்கிறார்." நரசிம்மன் கவரை வாங்கி ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "ஏழுமலை, எலும்பு எங்கே உடைஞ்சிருக்கு?"

ஏழுமலையின் விரல் சட்டென்று படத்தின் வலது ஓரத்துக்குப் போனது.

ஸ்வாதி ஃபிலிம் அருகே வந்தாள். "இந்தப் படம், படுத்திருக்கிறவரைக் காலடியில நின்னு பார்க்கிற மாதிரி சார். படத்துல வலதுன்னா ஆளுக்கு இடது. புதுசா வர்ற மாணவர்களே ஏமாந்துடுவாங்க."

"விழுந்ததைப் பார்த்தவர் இடதுன்னு சொல்வார். படத்தை மட்டும் பார்த்தவர்தான் வலதுன்னு சொல்வார். கவர் யாருகிட்ட இருந்தது?"

ஏழுமலை தேசிங்கிடம் திரும்பினான். "அண்ணாத்த, ஜீப்பு மோதிச்சின்னு சொல்லுன்ன, சொன்னேன். எந்தப் பக்கம்னு போலீஸ் கேட்டா இன்னா பண்றது? நீ கட்டிலாண்ட தூங்கினப்போ கவரத் தொறந்து பாத்துகினேன்."

"வாய மூடுறா," என்றான் தேசிங்கு மெதுவாக. பார்வை ஸ்கேன் அறைக் கதவை விட்டு அகலவில்லை. "மச்சானாச்சேன்னு காவலுக்கு உக்காந்துகினு இருந்தேன்."

"ஆமாம். அவர் வாய் திறக்கும்போது நீங்க மட்டும் பக்கத்துல இருக்கணுமே," என்றார் நரசிம்மன்.

இன்ஸ்பெக்டர் தேசிங்கின் தோளில் கை வைத்தார். "சாயந்தரம் தம்பியைக் கூட்டிட்டுப் போங்கம்மா."

ஸ்வாதி கதவைத் தள்ளி உள்ளே போனாள். தாண்டவராயன் ஸ்கேன் மேசையின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தார். உதடுகள் அசைந்தன.

"கட்டையால அட்ச்சவன்... வெளிய கீறானா?"

"இல்லைங்க. தேசிங்கைப் போலீஸ் கூட்டிட்டுப் போயிட்டாங்க."

ஒவ்வொரு விரலாக அந்தப் பிடி தளர்ந்தது.